‘உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்’: பாலியல் வன்முறையைச் சொல்ல வருபவரைக் கேட்பது எப்படி?

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் புறத்திலிருந்து பாலியல் வன்முறைச் செய்தி ஒன்று வெளிவரும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள் எழுகின்றன. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? சத்தம் போட்டிருக்கலாமே? வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீடுகளில் சுற்றிவர இவ்வளவு பேர் இருக்கும்போது யாருக்கும் தெரியாமல் எப்படி நடந்தது? அம்மாவிடம் சொன்னாளாம், அம்மா ஏன் பொலிஸுக்குப் போகவில்லை?

கேட்பவர்களில் பலர் கெட்ட மனதோடு கேட்பதில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் முதன்முதலில் வாய் திறந்தபோதும் அநேகமாக யாரோ ஒருவர் இதையேதான் கேட்டிருப்பார். அதோடு அந்தப் பெண் பேச்சை நிறுத்தியிருப்பார். அடுத்த முறை அவர் வாய் திறக்க ஆண்டுகள் ஆகலாம்.

வன்முறைக்கு உள்ளானவர் முதலில் பொலிஸிடமோ வைத்தியரிடமோ போவது அரிது. அக்காவிடம், மதினியிடம், கூடக் கொழுந்தெடுக்கும் தோழியிடம், பள்ளிக்கூட டீச்சரிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் இருப்பவரிடம்தான் சொல்கிறார். அந்த முதல் ஆள் என்ன சொன்னார், முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தே சிகிச்சை, முறைப்பாடு, வழக்கு என்று பின்னால் வரும் எல்லாம் அமைகின்றன. அந்த முதல் ஆள் நாளைக்கு நீங்களாக இருக்கலாம். விசாரிப்பது உங்கள் வேலையாகாது. நம்பிக் கேட்டு, அடுத்த அடியை அவரே எடுத்து வைக்க உதவுவதுதான் உங்கள் வேலை. அது ஏன், எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எதை வன்முறை என்கிறோம்?

ஒருவர் பெண் என்பதற்காகவோ, ‘ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி’ என்று ஊர் வகுத்து வைத்திருக்கும் வழமைக்காகவோ அவர்மீது இழைக்கப்படும் வன்முறையைப் பால்நிலை சார்ந்த வன்முறை என்கிறோம். அடி உதையோடு அது முடிவதில்லை. சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, அடையாள அட்டையை ஒளித்து வைப்பது, தாய் வீட்டுக்குப் போக விடாமல் தடுப்பது, படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டுவது எல்லாம் அதற்குள் வரும். பாலியல் வன்முறை அதில் ஒரு பகுதி.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதன் பாலியல் குற்றப் பகுதியைப் பெரிதும் மாற்றியது. செய்திகளில் அடிபடும் மூன்று சொற்களை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

1. பாலியல் வல்லுறவு, 363ஆம் பிரிவு. சம்மதமின்றியோ, மிரட்டிப் பெற்ற சம்மதத்தோடோ ஒரு பெண்ணுடன் உறவு கொள்வது. 16 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளை ‘சரி’ என்று சொல்லியிருந்தாலும் சட்டம் அதைச் சம்மதமாகக் கொள்வதில்லை.

2. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், 365ஆ பிரிவு. வல்லுறவு என்ற வரையறைக்குள் வராத பாலியல் செயல்கள் இதில் அடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையும் இதன் கீழ் வரும். நம் ஊர்களில் ஆண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

3. பாலியல் தொந்தரவு, 345ஆம் பிரிவு. தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை, சொல்லே போதும். வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்தாலும் குற்றம்தான். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கொழுந்தெடுக்கும் மலையில் நின்று கொச்சையாகப் பேசுகிறவரும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேண்டுமென்றே உரசுகிறவரும் இதற்குள் வருவார்கள்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. நீதிமன்றத்தின் வழியாகப் பிரிந்து வாழும் தம்பதியரைத் தவிர, கணவன் மனைவிமீது செய்யும் வல்லுறவு 363ஆம் பிரிவில் குற்றமாகாது. ஆனாலும் அந்த மனைவிக்கு வழியே இல்லை என்றாகிவிடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் அவர் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கும், முழுமையான கட்டளை 12 மாதங்கள் வரைக்கும் செல்லும். அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்க முடியும்.

சொற்களைப் பற்றிப் பேசும்போது ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையும் சொல்லாமல் விட முடியாது. அதை நாம் கைவிட வேண்டும். குற்றம் செய்தவன் ஒருவன், எதையோ இழந்துவிட்டதாகப் பெயர் வாங்குபவள் இன்னொருத்தி என்று அந்தச் சொல் கணக்கு எழுதி வைக்கிறது. ‘கெடுத்துவிட்டான்’, ‘சீரழித்துவிட்டான்’, ‘இனி அவள் வாழ்க்கை அவ்வளவுதான்’ ஆகியவையும் அதே கணக்குத்தான். வீட்டில் சிறு வயது முதல் இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு அப்படி ஒன்று நடந்துவிட்டால் எப்படி வாய் திறக்கும்?

ஏன் உடனே சொல்வதில்லை?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர், அந்தத் துணைவராலேயே உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருந்தார். துணைவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் யாருடைய உதவியையும் நாடவில்லை. வெட்கம், பழி வந்து சேருமே என்ற பயம், நம்ப மாட்டார்கள் என்ற எண்ணம், இது வழமைதானே என்ற நினைப்பு ஆகியவை அதற்குக் காரணங்கள். இது நாடு முழுவதற்குமான படம். தோட்டத்தில் இவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன.

முதலாவது, இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ‘இத்தனை பேர் இருக்க எப்படி நடந்தது’ என்று கேட்பவர்கள் இதன் மறுபக்கத்தை நினைப்பதில்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு இரகசியத்தைச் சொல்ல இடமே கிடையாது. அம்மாவிடம் மெல்லச் சொன்னாலும் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அது ஊர்ப் பேச்சாகிவிடும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். செய்தவனுடைய வீடு அதே லயத்தில் நாலாவது வீடாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, அதிகாரம். யாரை எந்த மலைக்குப் போடுவது, எத்தனை கிலோவைக் கழிப்பது, யாருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவது என்பதெல்லாம் சிலரின் கையில் இருக்கின்றன. வீடோ தோட்டத்துடையது. வேலையிடத்து ஆள்மீது வாய் திறந்தால் வேலைக்கும் கூரைக்கும் சேர்த்து ஆபத்து வருமோ என்று ஒரு பெண் பயப்படுவது வீண் பயம் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் நடப்பதென்றால் செய்தவனே உழைத்துப் போடுபவனாகவும் இருப்பான். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்க, பிள்ளை யாருடைய பொறுப்பில் விடப்பட்டதோ அவராகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, உடல். இதைத்தான் பெரும்பாலானோர் அறிவதில்லை. பேராபத்தில் சிலர் எதிர்த்துப் போராடுகிறார்கள், சிலர் ஓடுகிறார்கள், பலர் உறைந்துபோகிறார்கள். கை கால் அசையாது, குரல் எழாது. அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை இது. மூளை தானாக எடுக்கும் முடிவு. அதே பயத்தில் பதியும் நினைவும் துண்டு துண்டாகவே பதியும். சுவரில் தொங்கிய காலண்டர் நினைவிருக்கும், நேரம் நினைவிருக்காது. அவன் போட்டிருந்த செருப்பு நினைவிருக்கும், முதலில் என்ன நடந்தது பிறகு என்ன நடந்தது என்ற ஒழுங்கு இருக்காது. சொல்லும்போது முன்னுக்குப் பின் மாறுவதைப் பார்த்துப் பொய் என்று முடிவு கட்டுவது இதனால்தான் பெரும் தவறு.

1995ஆம் ஆண்டின் திருத்தம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. சம்மதம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்க, உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் கட்டாயமில்லை என்று 363ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ‘ஒரு கீறல் கூட இல்லையே’ என்று பேசுகிறவர்கள் சட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் பின்னால் நிற்கிறார்கள்.

தாமதமாகச் சொல்வதால் வழக்கு செத்துவிடுவதும் இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி இத்தகைய குற்றத்துக்கு 20 ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம்.

சொல்ல வருவது எப்படித் தெரியும்?

‘எனக்கு இப்படி நடந்தது’ என்று நேராகத் தொடங்குபவர்கள் குறைவு. ‘என்னை அந்த மலைக்குப் போட வேண்டாம் என்று நீங்கள் கங்காணியிடம் சொல்லுங்கள் அக்கா’ என்பதுதான் தொடக்கமாக இருக்கும். ‘லீவுக்கு மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்’ என்று ஒரு பிள்ளை அடம்பிடிக்கும். ‘என் கூட்டாளி ஒருத்திக்கு இப்படி ஒரு பிரச்சினை, டீச்சர்’ என்று ஒரு மாணவி கதை சொல்வாள். தீராத தலைவலி, வயிற்று வலி என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அடிக்கடி வருபவர் வேறொன்றைச் சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கலாம்.

இவை எல்லாம் ஆழம் பார்க்கப் போடும் கற்கள். நீங்கள் சிரித்து ஒதுக்குகிறீர்களா, அதட்டுகிறீர்களா, நின்று கேட்கிறீர்களா என்று அவர் பார்க்கிறார். ‘மாமா வீட்டில் என்ன கஷ்டம்? என்னிடம் சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். துருவ வேண்டாம். இன்று சொல்லாவிட்டால் இன்னொரு நாள் வருவார்.

கேட்கும்போது செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்காக 2014இல் வெளியிட்ட கைநூல் ஐந்து படிகளைச் சொல்கிறது: காது கொடுத்துக் கேட்பது, தேவை என்னவென்று விசாரிப்பது, நம்புவதை உணர்த்துவது, பாதுகாப்பைக் கூட்டுவது, உதவியோடு இணைத்து விடுவது. வைத்தியர்களுக்கு எழுதப்பட்டதுதான், ஆனால் ஒரு மாதர் சங்கத் தலைவிக்கும் ஆசிரியருக்கும் அப்படியே பொருந்தும்.

1. இடத்தை மாற்றுங்கள். லயத்து வாசலில் வைத்துப் பேசக் கூடாது. வேலை முடிந்து வரும் பாதை, வகுப்பு முடிந்த பிறகு கதவு திறந்திருக்கும் வகுப்பறை, யாரும் வராத நேரத்துப் பிள்ளை மடுவம் என்று ஓர் இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கைத்தொலைபேசியை எடுத்து வைத்துவிடுங்கள்.

2. கேளுங்கள். இடையில் மறித்துக் கேள்வி போட வேண்டாம். அழுதால் அழ விடுங்கள். நடுவே மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். தொட்டு ஆறுதல் சொல்வது நமக்குப் பழக்கம். ஆனால் அந்த நேரத்தில் யாருடைய கையும் அவருக்குப் பயத்தைத் தரலாம். கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

3. மூன்று வாக்கியங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.’ ‘இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.’ ‘என்னிடம் சொன்னது நல்லது.’ மனதுக்குள் நினைத்தால் போதாது. வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அவருடைய தலைக்குள் அதற்கு நேர்மாறான வாக்கியங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

4. இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். ‘இன்றிரவு அந்த வீட்டில் படுக்கப் பயமில்லையா? வலி இருக்கிறதா? சாப்பிட்டீர்களா? யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது?’ நடந்தவற்றின் விபரத்தைக் கிண்டுவதை விட இந்தக் கேள்விகள் அவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

5. முடிவை அவரிடமே விடுங்கள். அவருடைய விருப்பத்தைக் காலில் போட்டு மிதித்துத்தான் வன்முறை நடந்திருக்கிறது. உதவுகிறேன் என்று நாமும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினால், மறுபடியும் அவருடைய விருப்பத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது.

சொல்லக் கூடாதவை, செய்யக் கூடாதவை

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளை விட்டுவிடுங்கள். ஏன் தனியாகப் போனாய், ஏன் அந்த நேரத்தில் குளித்தாய், ஏன் கத்தவில்லை. கேட்பவர் விபரம் அறியக் கேட்கிறார். ஆனால் கேட்கப்படுபவரின் காதில் ‘நீயும் ஒரு காரணம்’ என்றே விழும். ‘அவரா? அவர் கோவில் காரியமெல்லாம் எடுத்துச் செய்கிறவராயிற்றே’ என்று வியப்பதும் வேண்டாம். ‘மறந்துவிடு, காலம் ஆற்றும்’ என்பதும் உதவாது.

மலையகத்துக்கே உரிய சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோவிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது அவற்றில் ஒன்று. சத்தியம் செய்ய நேர்வது எப்போதும் பெண்ணுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். பயந்து போயிருக்கும் பிள்ளையின் கை நடுங்கினால் அதுவே பொய்க்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. சாமியின் பேரால் செய்யப்படும் இந்தக் கொடுமையை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, அடி. பிள்ளை சொன்னதும் தாயின் கை முதலில் பிள்ளையின் கன்னத்தில்தான் விழுகிறது. அது வெறுப்பால் விழும் அடி இல்லை. காக்க முடியாமல் போன வேதனை, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பீதி, கணவனுக்கு எப்படிச் சொல்வது என்ற நடுக்கம் எல்லாம் கையில் வந்து இறங்குகின்றன. அந்தத் தாயை ஏசுவதில் பயனில்லை. ஆனால் அந்த அடி பிள்ளைக்குச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: சொன்னது தப்பு. அடித்துவிட்டாலும் பிறகு வந்து ‘அம்மாவுக்குப் பயத்தில் கை நீண்டுவிட்டது. உன்மேல் பிழை இல்லை. நீ சொன்னது நல்லது’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை அதை வாழ்நாளெல்லாம் வைத்திருக்கும்.

‘அவனை வெட்டிப் போடுகிறேன்’ என்று அண்ணனும் அப்பாவும் கத்தியை எடுப்பதும் உதவியாகாது. இனி அவர்களை அடக்குவதும் அந்தப் பெண்ணின் பொறுப்பாகிவிடும். சொன்னதால்தான் இத்தனை ரகளை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’

தோட்டத்தில் எந்தப் பிரச்சினையும் முதலில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போகும். காணிச் சண்டை, கடன், குடித்துவிட்டு வந்த தகராறு எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பதில் நன்மை உண்டு. ஆனால் வல்லுறவையும் அதே பாயில் உட்கார வைக்கிறார்கள். தண்டப் பணம் கட்டச் சொல்வது, அவன் வேறு டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) போகட்டும் என்பது, எல்லாவற்றிலும் கொடியதாக அவனுக்கே கட்டி வைப்பது. பிள்ளையின் எதிர்காலம், குடும்ப மானம் என்று இதற்கு நியாயம் சொல்லப்படுகிறது.

சட்டத்தின் கண்ணில் இவை எவையும் தீர்வாகா. அரசு அமைத்திருக்கும் மத்தியஸ்த சபைகளுக்கே பாலியல் வல்லுறவைச் சமரசம் செய்து வைக்கும் அதிகாரம் கிடையாது. அப்படியிருக்க ஒரு டிவிஷன் கூட்டத்துக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வரும்? தாலி கட்டிவிட்டால் நடந்த குற்றம் அழிந்தும் போகாது. தலைவர்களுக்கு இதில் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது: வைத்தியசாலைக்குப் போக வாகனம் பிடித்துக் கொடுத்து, வேலைக்குப் போகாத நாட்களுக்கும் பேர் (நாள் சம்பளம்) போட வைத்து, அந்தக் குடும்பத்தை யாரும் மிரட்டாமல் பார்த்துக்கொள்வது.

மணிக்கணக்கு முக்கியமாகும் இடம்

முடிவு அவருடையது என்றோம். ஆனால் சில முடிவுகளுக்குக் கால எல்லை உண்டு என்பதை அவருக்குச் சொல்லாமல் விட்டால் அவரால் முடிவெடுக்க முடியாது. சனிக்கிழமை இரவு நடந்ததை மேல் டிவிஷனிலிருந்து செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும்போது கதவு ஒன்று மூடிவிடுகிறது.

1. 72 மணித்தியாலங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை இதற்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும்.

2. 120 மணித்தியாலங்கள், அதாவது ஐந்து நாட்கள். அவசர கருத்தடை மாத்திரைக்கான எல்லை. முதல் மூன்று நாட்களில் எடுத்தால் பலன் கூடுதல். மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். நமது நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடமளிக்கிறது. வல்லுறவால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. ஆகவே இந்த ஐந்து நாட்களின் கனம் மிகப் பெரியது.

3. தடயங்கள். முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியிருந்தால் அந்த உடைகளைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டு போகலாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பழுதாகிவிடும். குளித்துவிட்டார் என்றால் ‘எல்லாம் போயிற்று’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குளித்த பிறகும் சிகிச்சையும் பரிசோதனையும் செய்யலாம். அந்த நிலையில் யாருக்கும் முதலில் தோன்றுவது உடம்பைக் கழுவ வேண்டும் என்பதுதான்.

அரசாங்க வைத்தியசாலைகள் சிலவற்றில் ‘மிதுரு பியச’ என்ற நட்பு நிலையம் இருக்கிறது. வன்முறைக்கு உள்ளானவர்களைத் தனியாக வைத்துக் கேட்டு உதவுவதற்கென்றே அமைக்கப்பட்டது அது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு முன் என்ன செய்யப் போகிறார்கள் என்று விளக்கம் கேட்கவும், வேண்டாத ஒன்றை மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற ஒன்றுக்கு விஞ்ஞான அடிப்படை எதுவும் இல்லை என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2018இல் கூறி, அதைத் தடை செய்யக் கோரின. குடும்பத்தார் ‘அதைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வைத்தியரைக் கேட்பதில் அர்த்தமில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைப்பது நேர்மை. வைத்தியசாலைக்குப் போனால் அங்கிருக்கும் பொலிஸ் காவலரணுக்குத் தகவல் போகக்கூடும். அங்கே போய் அதிர்ச்சியோடு அறிவதை விட, உங்களிடமிருந்தே தெரிந்துகொண்டு போனால் அவர் உங்களைத் தொடர்ந்து நம்புவார்.

முறைப்பாடு செய்வதாக அவர் முடிவெடுத்தால்

எந்தப் பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம். சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தின் பெண் அதிகாரியைக் கேளுங்கள். மலையகத்தில் எல்லாவற்றிலும் பெரிய தடை மொழி. தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, ‘சரிதானே, கையெழுத்துப் போடு’ என்று நீட்டினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வழக்கில் ஒரு சொல் மாறினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொள்வார். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழையும் அரசகரும மொழியாகவே கொள்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். முடியாதென்றால் வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

கூடப் போகிறவர் அவருக்குப் பதிலாகப் பேசக் கூடாது. பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தால் போதும். முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிய அதிகாரியின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணி வைக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாராவது மிரட்டினால், பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.

அழைக்கக்கூடிய எண்கள்: பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்கு 109, அவசர பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, மனநல உதவிக்கு 1926. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவருடைய தொலைபேசியைக் கணவன் பார்ப்பான் என்றால் இந்த எண்களை அதில் சேமிக்க வேண்டாம். உங்கள் தொலைபேசியிலிருந்து அழைக்கலாம்.

பிள்ளைகள் விடயத்தில் மாறுவது என்ன?

வயது வந்தவருக்குச் சொன்ன ‘முடிவு அவருடையது’ என்பது பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. 18 வயதுக்கு உட்பட்டவரைக் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. ஆகவே ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்துவிடாதீர்கள். அதை மீறவே நேரும். மீறினால் இன்னொரு பெரியவரும் ஏமாற்றியதாக ஆகும். ‘உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் சொல்கிறேன் என்று உன்னிடமும் சொல்வேன்’ என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.

பிள்ளையிடம் ‘அவர் இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா’ என்று பதிலை எடுத்துக் கொடுத்துக் கேட்காதீர்கள். ‘பிறகு என்ன நடந்தது?’ என்பது போதும். அதிபரிடம் ஒரு தடவை, பெரியப்பாவிடம் ஒரு தடவை, தலைவரிடம் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளையை வதைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் மாறும், வழக்கும் பலவீனமாகும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டிலேயே சட்டம் வழிவகுத்திருக்கிறது. பிள்ளை சொன்னதை அதன் சொந்தச் சொற்களிலேயே, திகதியோடு எழுதி வைத்துவிட்டு 1929க்கு அழையுங்கள். செய்தவன் அதே வீட்டில் இருந்தால், பிள்ளை சொல்லிவிட்டது அவனுக்குத் தெரிவதற்கு முன்பே பாதுகாப்பான இடத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

பெயர் வெளியே போகக் கூடாது

இந்தக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ பிரசுரிப்பது 365இ பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பள்ளிக்கூடம், வகுப்பு, அப்பாவின் தொழில் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் மறைப்பதில் பயனில்லை. நூறு குடும்பங்கள் வாழும் ஒரு டிவிஷனில் அது யார் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். நீதி வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு படத்தைப் பகிர்கிறவர்களும் அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போக முடியாமல் செய்துவிடுகிறார்கள்.

சொல்லி முடித்த பிறகு

முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். அதன் பிறகு யாரும் வர மாட்டார்கள். தூக்கமின்மை, திடுக்கிடல், யார்மீதும் எரிந்து விழுதல் ஆகியவை அதன் பிறகே கூடும். சில நாட்கள் சிரித்துப் பேசினால் ‘இவளுக்கு ஒன்றும் இல்லை’ என்று ஊர் சொல்லும். அப்படிப் பேசுபவர்களை நீங்கள் திருத்தலாம். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொன்னாலும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வீட்டில் களைநாசினி போன்ற மருந்துப் போத்தல்கள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றிரவு தனியாக விடாதீர்கள்.

கேட்டவருக்கும் பாரம் உண்டு. சொன்னவரின் பெயரையும் விபரத்தையும் வெளியிடாமல், உங்கள் மனச்சுமையை ஓர் உளவளத்துணையாளரிடம் இறக்கி வைக்கலாம்.

வழக்கு என்று போனால் அது பல ஆண்டுகள் இழுக்கும். தவணை தள்ளிப்போகும், மறுபடி தள்ளிப்போகும். ஒவ்வொரு தவணைக்கும் விடியற்காலை பஸ் ஏறி, அன்றைய பேரை இழந்து, அவன் நிற்கும் அதே நீதிமன்ற வளவில் அவரும் நிற்க வேண்டும். அடுத்த தவணைத் திகதியைக் கேட்டு உங்கள் வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள். அன்றைக்கு அவரோடு பஸ்ஸில் போக ஓர் ஆள் வேண்டும்.